ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே... அப்புறம்? உலக யூத் சாம்பியன் விஷ்வநாத் சுரேஷும் அந்த 7 கிலோவும்!

ஒரகடம் ஜங்ஷன், காலை 5 மணி. முதல் ஷிஃப்ட்டுக்கான கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் ஐ.டி கார்டு, காதில் இயர்போன். சீட்டில் சாய்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கையில் ரீல்ஸ் ஓடும். கிரிக்கெட், சினிமா, நடுவில் திடீரென்று ஒரு குத்துச்சண்டை வீடியோ. ஒல்லியாக ஒரு பையன். அவன் கையை ரெஃப்ரி தூக்கிப் பிடிக்கிறார். ‘உலக சாம்பியன்... நம்ம சென்னைப் பையன்!’ என்று மேலே எழுத்து ஓடும். ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம்.

அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? அதை யாரும் ரீல் போடுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் 18 வயதில் பெரும்பாலான பசங்களுக்கு முன்னால் இருக்கும் பாதை நமக்குத் தெரியும். ஐ.டி.ஐ அல்லது டிப்ளமோ, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட், முடிந்தால் பர்மனென்ட். அதே 18 வயதில் ஒருவன் உலக சாம்பியன் ஆகிவிட்டால், அவனுக்கு முன்னால் இருக்கும் பாதை என்ன? சென்னையைச் சேர்ந்த விஷ்வநாத் சுரேஷின் கதை இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். வீட்டில் பாக்ஸிங் கிளவுஸ் வாங்கித் தரச் சொல்லி ஒரு தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும் தேவைப்படும்.

என்ன சாதித்தார்?

முதலில் ஸ்கோர் கார்டைப் பார்த்துவிடலாம். 2021-ல் துபாயில் நடந்த ஆசிய யூத் போட்டியில், 48 கிலோ பிரிவில் வெள்ளி. அடுத்த வருடம், 2022 மார்ச்சில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் அதே ஆசியப் போட்டி, அதே எடை. இந்த முறை தங்கம். அதே வருடம் நவம்பரில் ஸ்பெயினின் லா நூசியாவில் உலக யூத் சாம்பியன்ஷிப். ஃபைனலில் பிலிப்பைன்ஸின் ரோனெல் சுயோமை 5-0 என்று வீழ்த்தி உலகத் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியா 4 தங்கம் உட்பட 11 பதக்கங்களுடன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2024-ல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த 22 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் மறுபடியும் தங்கம். எடை, மறுபடியும் 48.

வெள்ளி, தங்கம், உலகத் தங்கம், அடுத்த வயதுப் பிரிவிலும் தங்கம். ஒரு போட்டியில் லக் அடிக்கலாம். நாலு போட்டியில் வரிசையாக அடிக்காது. அதிலும் 2021-ல் கைவிட்டதை ஏழே மாதத்தில் திரும்ப வந்து எடுத்திருக்கிறார். ‘தோத்துட்டு வந்து என்ன பண்ணினான்?’ என்பதுதான் இளம் பாக்ஸரிடம் பார்க்க வேண்டிய முதல் விஷயம். அதில் விஷ்வநாத் பாஸ்.

5-0ன்னா என்ன?

கால்பந்து மாதிரி ஐந்து கோல் என்று நினைத்துவிட வேண்டாம். ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொரு ரவுண்டிலும் யார் மேலே என்று ஒவ்வொரு நடுவரும் தனித்தனியாக முடிவு பண்ணுவார். ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. சுத்தமாக விழுந்த குத்துகள், ஆட்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விதம், மோதும் முனைப்பு எல்லாம் கணக்கில் வரும். மூன்று ரவுண்டையும் கூட்டினால் ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு வெற்றியாளர் கிடைப்பார்.

5-0 என்றால் ஐந்து பேரும் ஒரே ஆளைக் கை காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 3-2 என்றால் ஒரு நடுவர் மாறி யோசித்திருந்தால்கூட முடிவே மாறியிருக்கும். பதக்கம் இரண்டிலும் ஒரே நிறம்தான். ஆனால், எதிர்காலத்தைக் கணிக்கிறவர்கள் நிறத்தோடு இந்த எண்ணையும் பார்ப்பார்கள். உலகப் போட்டியின் ஃபைனலில் 5-0 வாங்குவது சும்மா இல்லை. எதிரில் நிற்பவரும் சிலரை அடித்துவிட்டுத்தான் அங்கே வந்திருப்பார்.

ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல்

லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதோ செட்டிங் மாற்றும்போதோ முதலில் ஒரு பீஸ் ஓட்டி, குவாலிட்டியில் கொடுப்பார்கள். அளவெல்லாம் சரியாக இருந்தால் ‘ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே’. செட்டிங் சரி என்பதற்கு அது உண்மையான சான்று. அதற்காக அன்றைக்கு ஓடப்போகும் மொத்த லாட்டும் ஓகே என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். டூல் தேயும், மெஷின் சூடாகும், மெட்டீரியல் மாறும். நடுநடுவே செக் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

யூத் தங்கமும் அப்படித்தான். யூத் பிரிவு என்றால் 17, 18 வயது. அங்கே எதிரில் நிற்பவனும் உடம்பு முழுசாக வளராத பையன். வேகமும் டெக்னிக்கும் இருந்தால் மேலே வந்துவிடலாம். எலைட் பிரிவு 19-ல் தொடங்கி 40 வரை போகிறது. 20 வயதுப் பையனுக்கு எதிரே 29 வயது ஆள் நிற்பார். பத்து வருடமாக அதே வேலையைச் செய்தவர். அவருடைய குத்தில் இருக்கும் கனமும், ரிங்கில் மூச்சை மிச்சம் பிடிக்கும் அனுபவமும் யூத்தில் பார்க்காத சமாச்சாரம்.

அதனால் ‘இவன்தான் அடுத்த ஒலிம்பிக் சாம்பியன்’ என்று உடனே தலைப்பு போடுவதும் தப்பு. ‘யூத்துல ஜெயிச்சதெல்லாம் ஒரு கணக்கா?’ என்று ஒதுக்குவதும் தப்பு. சாம்பிள் பாஸ். லாட் இனிமேல்தான் ஓடணும்.

நகர்ந்துகொண்டே போகும் வாசற்படி

மேலே சொன்ன விஷ்வநாத்தின் பதக்கங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஓர் எண் இருக்கிறது. 48. பிரச்னையும் அங்கேதான்.

ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்கான மிகக் குறைந்த எடைப் பிரிவு எது என்று பாருங்கள். 2016 ரியோவில் 49 கிலோ. டோக்கியோவில் 52. 2024 பாரிஸில் 51. 2028 லாஸ் ஏஞ்சலஸில் 55. அதாவது 48 கிலோ சாம்பியனுக்கு ஒலிம்பிக்ஸ் ரிங்கில் இடமே கிடையாது. கீழே இருந்த படியை எடுத்துவிட்டார்கள்.

காரணம் இருக்கிறது. மொத்த வீரர்களின் எண்ணிக்கையை ஏற்றாமல் பெண்களுக்குச் சம வாய்ப்பு கொடுக்க வேண்டும். ரியோவில் ஆண்களுக்கு 10 பிரிவு, பெண்களுக்கு 3. டோக்கியோவில் 8, 5. பாரிஸில் 7, 6. லாஸ் ஏஞ்சலஸில் 7, 7. நியாயமான மாற்றம்தான். ஆனால், அதில் அடிபட்டது ஒல்லியான, உயரம் குறைந்த பசங்க. நம்ம ஊர் உடல்வாகுக்குச் சரியாகப் பொருந்திய பிரிவு அதுதான் என்பது நமக்கு வருத்தமான விஷயம்.

ஏழு கிலோதானே, நாலு மாசம் பிரியாணி சாப்பிட்டால் ஏறிடுமே என்று தோன்றலாம். ஏறும். ஆனால், ரிங்கில் உதவாது. 48 கிலோ உடம்பில் 7 கிலோ என்பது ஏறக்குறைய 15 சதவிகிதம். அது கொழுப்பாக ஏறினால் வேகம் போய்விடும். தசையாக ஏற வேண்டும் என்றால் வருடக்கணக்கில் வெயிட் ட்ரெய்னிங், புரதம், தூக்கம் எல்லாம் கணக்கு போட்டு நடக்க வேண்டும். அப்படி ஏறிய பிறகும், 55-ல் எதிரே நிற்பவர் இயல்பாகவே 58, 59 கிலோ உடம்போடு இருந்து, போட்டிக்காகக் குறைத்துக்கொண்டு வந்தவராக இருப்பார். கையும் நீளமாக இருக்கும். 48-ல் தூரத்தில் நின்று அடித்து ஜெயித்தவர், 55-ல் உள்ளே புகுந்து அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். எடையோடு சேர்த்து ஆட்டத்தையே மாற்ற வேண்டும்.

முன்னாடி போனவங்க என்ன ஆனாங்க?

இதே படியில் ஏறிய இரண்டு பேரை முதலில் பார்ப்போம். 2008-ல் மணிப்பூரின் நானாவ் சிங் 48 கிலோவில் உலக யூத் சாம்பியன். 2016-ல் ஹரியானாவின் சச்சின் சிவாச் 49 கிலோவில் உலக யூத் சாம்பியன். நானாவ் ஒலிம்பிக்ஸ் வரை போகவில்லை. 2012 லண்டனில் 49 கிலோவில் இந்தியாவுக்காக இறங்கியது அதே மணிப்பூரின் தேவேந்திரோ சிங். சச்சின் யூத் பட்டம் வென்ற பிறகு வந்த டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் அவர் பெயர் இல்லை. அவர்களிடம் திறமை இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரு எடைக்கு ஒரு நாட்டில் இருந்து ஒரே ஒருவர்தான் போக முடியும். அந்த ஒரு சீட்டுக்கான கூட்டம் அவ்வளவு.

அமித் பங்கால் கதை இன்னும் நெருக்கம். 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோவில் தங்கம். ஃபைனலில் அவர் வீழ்த்தியது ரியோ ஒலிம்பிக் சாம்பியன், உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவை. அதன்பிறகு 49 ஒலிம்பிக்ஸில் இல்லை என்றதும் 52-க்கு ஏறினார். 2019 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. இந்திய ஆண்களில் அதுவரை யாரும் தொடாத உயரம். டோக்கியோவுக்கு முதல்நிலை வீரராகப் போனார். முதல் சண்டையிலேயே கொலம்பியாவின் யுபெர்ஜென் மார்ட்டினெஸிடம் தோற்று வெளியே வந்தார். பாரிஸிலும் முதல் சண்டையோடு முடிந்தது. மூன்று கிலோ ஏறியதற்கே இவ்வளவு பாடு.

அப்போ ஏறவே முடியாதா? முடியும். பங்காலிடம் தோற்ற அதே துஸ்மதோவ்தான் சாட்சி. ரியோவில் 49 கிலோ தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 23. டோக்கியோவில் அவர் ஆடவில்லை. விட்டுவிடாமல் எடை ஏற்றி, 2023-ல் 51 கிலோவில் உலக சாம்பியன், 2024 பாரிஸில் 51 கிலோவில் மறுபடி ஒலிம்பிக் தங்கம். அப்போது வயது 31. நடுவில் எட்டு வருடம்.

நம் ஆட்களிலும் உண்டு. விகாஸ் கிருஷன் 2010-ல் 60 கிலோவில் உலக யூத் சாம்பியன். அதே வருடம் ஆசிய விளையாட்டிலும் தங்கம். அடுத்த வருடமே 69 கிலோவுக்கு ஏறி உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். பிறகு 75. மூன்று ஒலிம்பிக்ஸில் ஆடினார். நிகத் ஜரீன் 2011-ல் ஜூனியர் உலகப் பட்டம் வென்றார். சீனியர் உலக சாம்பியன் ஆனது 2022-ல். பதினோரு வருடம்! நடுவில் தோள்பட்டைக் காயம், தேர்வுச் சண்டைகள், ‘இனிமே அவ்ளோதான்’ என்ற பேச்சு எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்தார்.

இத்தனை கதையிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. யூத் தங்கத்துக்கும் சீனியர் தங்கத்துக்கும் நடுவில் பல வருட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் யார் சோறு போட்டது, யார் காயத்துக்கு வைத்தியம் பார்த்தது, யார் ‘இன்னும் ரெண்டு வருஷம் ட்ரை பண்ணு’ என்று சொன்னது என்பதுதான் மிச்சக் கதையை எழுதுகிறது.

விஷ்வநாத்துக்கு மார்க் போட்டால்?

ப்ளஸ் பக்கம் முதலில். உலக ஃபைனலின் அழுத்தத்தில் 5-0. யூத்தோடு நின்றுவிடாமல் 22 வயதுப் பிரிவிலும் தங்கம். யூத்தில் ஜொலித்துவிட்டு அடுத்த கட்டத்தில் காணாமல் போகும் பசங்க ஏராளம், அந்த முதல் வடிகட்டலை அவர் தாண்டிவிட்டார். வயதும் அவர் பக்கம். 2028-ல் அவருக்கு 24 வயதுதான் இருக்கும்.

மைனஸ் பக்கம், எடை. இப்போது சர்வதேச அளவில் ஆண்களுக்கான குறைந்த பிரிவு 50 கிலோ. உலக சாம்பியன்ஷிப்பில் அது உண்டு, ஒலிம்பிக்ஸில் இல்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 50 கிலோவில் இந்தியாவுக்காக இறங்கியவர் மணிப்பூரின் ஜாதுமணி சிங். 55-ல் பவன் பர்த்வால். ஆக, 50-ல் இருந்தாலும் போட்டி, 55-க்கு ஏறினாலும் போட்டி.

இன்னொன்றும் சொல்லணும். லிவர்பூலில் இந்தியா வாங்கிய நான்கு பதக்கங்களும் பெண்கள் வாங்கியவை. ஜாஸ்மின், மீனாட்சி தங்கம்; நுபுர் வெள்ளி; பூஜா ராணி வெண்கலம். ஆண்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஒலிம்பிக்ஸிலும் 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு இந்திய ஆண் பாக்ஸர் யாரும் பதக்கம் தொடவில்லை. யூத்தில் ஜெயிக்கிற நம் பசங்க எலைட்டில் தடுமாறுவது ஒரு விஷ்வநாத்தின் பிரச்னை மட்டும் கிடையாது.

என் கணிப்பு இதுதான். 50 கிலோவில் ஆசிய, உலகப் பதக்கம் அவர் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஒலிம்பிக்ஸ் வேண்டும் என்றால் அவசரமில்லாமல் 55-க்கு உடம்பை வளர்க்க வேண்டும். அது 2028-க்குள் முடியாமல் போகலாம். முடியாவிட்டால் ‘தோற்றுவிட்டார்’ என்று எழுதக் கூடாது. துஸ்மதோவுக்கு எட்டு வருடம் ஆனது.

நம்ம வீட்டுத் தம்பிக்கு...

வடசென்னைக்கு பாக்ஸிங் புதுசு இல்லை. 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம் அந்தப் பழைய பரம்பரைச் சண்டைகளை நம் தலைமுறைக்குக் காட்டியது. 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜனும் சென்னைக்காரர்தான். ஆனால், படத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடிகிற பயணம் நிஜத்தில் பத்து வருடம். தம்பி ‘பாக்ஸிங் போறேன்’ என்றால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவை இவை.

எப்போ ஆரம்பிக்கிறான்? ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி போன்ற இடங்கள் 8 முதல் 14 வயதுக்குள்தான் பசங்களை எடுக்கின்றன. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு விசாரித்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

படிப்பை விடச் சொல்கிறார்களா? அப்படிச் சொல்லும் கோச்சிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. ராணுவம், ரயில்வேயிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. ஆனால், அந்தக் கதவில் நுழையப் பதக்கத்தோடு சேர்த்து கல்வித் தகுதியும் கேட்பார்கள். ஐ.டி.ஐ-யும் பாக்ஸிங்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

எடையை எப்படிக் குறைக்கிறான்? இதுதான் ரொம்ப முக்கியம். பாக்ஸிங்கில் சண்டை நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். 2024 பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடியதால் ஃபைனல் நாளில் வெளியேற்றப்பட்டது நினைவிருக்கும். அந்தப் பயத்தில் பசங்க தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வியர்வையாக எடையைக் கரைப்பார்கள். வளரும் வயதில் இது சிறுநீரகத்துக்கு ஆபத்து. தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது அதைவிட ஆபத்து. அதுவும், நாளைக்கு மேல் எடைக்கு ஏற வேண்டிய பையனை இன்றைய ஜில்லா மெடலுக்காகப் பட்டினி போட்டுக் கீழ் எடையில் பிடித்து வைப்பது, விதைநெல்லை எடுத்துச் சமைப்பது மாதிரி.

தோற்றால் வீட்டில் என்ன சொல்வோம்? 2021-ல் வெள்ளியோடு வந்த விஷ்வநாத்துக்கு 2022 கிடைத்தது. ஒரு தோல்வியைப் பார்த்து ‘போதும்டா, கம்பெனிக்குப் போ’ என்று சொல்லியிருந்தால் அந்தத் தங்கம் இல்லை. அதே நேரம் 22, 23 வயதில் மாநில அளவைத் தாண்டவில்லை என்றால், உட்கார்ந்து பேசி வேறு வழி பார்ப்பதில் அவமானமும் இல்லை. காலை 5 மணிக்கு எழுந்து ஓடிய பழக்கம் முதல் ஷிஃப்ட்டுக்கும் உதவும்.

அடுத்த முறை பஸ்ஸில் அப்படி ஒரு ரீல் வந்தால் லைக் போடுங்க, தப்பில்லை. கூடவே அந்தப் பையனின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து ஒருமுறை தேடிப் பாருங்க. எந்த எடையில் ஆடுகிறான், யாரிடம் தோற்றான், மறுபடி எழுந்து வந்தானா என்று. ஜெயித்த அன்றைக்குக் கை தட்ட நிறைய பேர் இருப்பார்கள். 48-க்கும் 55-க்கும் நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது தேடிப் பார்க்கும் நாலு பேர்தான் அவனுக்குத் தேவை.